கேட்டலின் இரு பொருள்: பார்வை குறைந்தோருக்கான பேசும் இசைக்கருவி

மூத்தோருக்கான தமிழ்ச் சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



சட்டைப்பையில் அடங்கும் ஓர் இசைக்கருவியில் நம் பாடல்களை ஏற்றுவது எவ்வாறு, அக்கருவியைப் பார்வை குறைந்த ஒருவர் பிறர் துணையின்றி இயக்குவது எவ்வாறு என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். என் தாயாருக்காக இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறேன்.

என் தாயார் 1980களின் பிற்பகுதியில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பயணப்பெட்டியில், சேலைகளுக்கு இடையே, பதினொரு ஒலிநாடாக்கள் இருந்தன. சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள், அளவெட்டி பத்மநாதனின் நாதசுரம், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில், சின்னமணியின் வில்லிசை, ஓதுவார் ஒருவர் பாடிய தேவாரங்கள் எனப் பத்து. பதினோராவது என் அம்மம்மாவின் குரல். எழுதப் படிக்கத் தெரியாத அவர், கடிதத்துக்குப் பதிலாகத் தன் மகளுக்குப் பேசி அனுப்பிய ஒலிநாடா அது. இங்குள்ள பல வீடுகளில் இத்தகைய ஒலிநாடா ஒன்றேனும் இருக்கும் என்பதை நான் அறிவேன்.

பல ஆண்டுகள் கழித்து நீரிழிவு நோய் தாயாரின் விழித்திரையைப் பாதித்தது. பாடல்களைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்தோம். கண்ணாடித் திரையில் எங்கே தொடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டைத் தொட்டால் யாருக்கோ அழைப்புச் சென்றது. “தம்பி, அந்தத் தேவாரத்தை ஒருக்காப் போட்டு விடு” என்பார். “பொறுங்கோ அம்மா, வாறன்” என்பேன். சில வேளைகளில் வருவேன். பல வேளைகளில் மறந்துவிடுவேன். ஒரு நாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தமிழில் கேட்டல் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பாட்டைக் கேட்பதும் கேட்டல். உதவி கேட்பதும் கேட்டல். என் தாயார் இரண்டாவதை விட்டபோது முதலாவதும் அவரை விட்டுப் போயிற்று. வீட்டில் பாடல்கள் இருந்தன, கருவி இருந்தது, பிள்ளைகள் இருந்தோம். ஆயினும் தன் பாட்டைத் தானே எடுத்துக் கேட்கும் வழி அவருக்கு இல்லை. அந்த வழியைத் தேடியபோதுதான் நான் இனிச் சொல்லப்போகும் மென்பொருளை அறிந்தேன்.

மாற்று நிலைபொருள் என்றால் என்ன?

ஒவ்வொரு மின்னணுக் கருவிக்குள்ளும் அதை இயக்கும் மென்பொருள் ஒன்று நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதனை நிலைபொருள் என்பர். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழவேண்டும், திரையில் எது தோன்றவேண்டும் என்பவற்றை அதுவே தீர்மானிக்கிறது. கருவியைச் செய்த நிறுவனம் அதைப் பேசவைக்கவில்லை என்றால் கருவி பேசாது. ஆனால் நிறுவனத்தின் நிலைபொருளுக்குப் பதிலாக வேறொன்றை அதே கருவியில் இயக்க முடியுமானால், ஊமையாக இருந்த கருவியும் பேசத் தொடங்கும்.

அவ்வாறான மாற்று நிலைபொருளே றொக்பொக்ஸ். இது நம் அயல்நாடான சுவீடனில் பிறந்தது. 2001 ஆம் ஆண்டின் இறுதியில் பியோர்ன் ஸ்டென்பெரி என்பவரும் அவருடைய நண்பர்களும், ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் இசைக்கருவியில் இருந்த மென்பொருள் தமக்கு நிறைவு தராமையால், தாமே ஒன்றை எழுதத் தொடங்கினர். பின்னர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் தன்னார்வலர்கள் இணைந்தனர். 2004 அளவில் பட்டியல்களையும் கோப்புப் பெயர்களையும் குரலில் வாசிக்கும் வசதி அதில் சேர்ந்தது. அக்காலத்தில் கடைகளில் விற்கப்பட்ட இசைக்கருவிகளில் இவ்வசதி அரிது. அப்பிள் நிறுவனம் பேசும் பட்டியலை ஐபொட் நானோவில் சேர்த்தது 2008 இலேயே. றொக்பொக்ஸ் கட்டணமற்றது; அதன் மூலநிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. அதன் 4.0 ஆம் பதிப்பு 2025 இல் வெளிவந்தது.

கைத்தொலைபேசியும் இன்று பேசுகிறதே என்று நீங்கள் வினவலாம். உண்மை. திரைவாசிப்பு வசதியுடன் அதனை இயக்கப் பழகியவர்களுக்கு வேறு கருவி தேவையில்லை. ஆனால் எழுபது வயதுக்கு மேல் பார்வையை இழந்தவருக்கு, விரலால் தடவி உணரக்கூடிய பொத்தான்களே நம்பிக்கை தருகின்றன. அழைப்பு வராது, விளம்பரம் வராது, இணைய இணைப்பும் வேண்டாம்.

எந்தக் கருவியை வாங்கலாம்?

றொக்பொக்ஸ் எல்லாக் கருவிகளிலும் இயங்காது. இதை முதலில் மனத்திற் கொள்க. 2005 இல் வெளிவந்த ஐபொட் வீடியோவிலும், 2007 முதல் 2014 வரை விற்கப்பட்ட ஐபொட் கிளாசிக்கிலும் இயங்கும். சன்டிஸ்க் நிறுவனத்தின் சன்சா கிளிப் பிளஸ், கிளிப் சிப் ஆகியவற்றிலும் இயங்கும். இவை இரண்டும் தீப்பெட்டி அளவினவே. நினைவக அட்டை செருகும் இடமும் உண்டு. ஆனால் பெயரில் ஒத்திருக்கும் கிளிப் ஜாம், கிளிப் ஸ்போர்ட் ஆகியவற்றில் இயங்காது. பெயரை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். வாங்குமுன் றொக்பொக்ஸ் திட்டத்தின் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் மாதிரியின் பெயரைச் சரிபார்த்துக்கொள்க.

இவை யாவும் இன்று புதிதாக விற்கப்படுவதில்லை. பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையச் சந்தையிலும் கிடைக்கும். சிலருடைய வீட்டு மேசை இழுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளின் பழைய ஐபொட் உறங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கும்போது மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்டறிக. பழைய ஐபொட்டில் மின்கலத்தை மாற்ற வேண்டிவரலாம்.

நிலைபொருளை நிறுவும் முறை

முதலாவது, கருவியில் ஏற்கெனவே உள்ள அனைத்தையும் கணினியில் படியெடுத்து வையுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பின்னர் கூறுவேன்.

இரண்டாவது, கருவியை ஆயத்தம் செய்யுங்கள். ஐபொட் ஆயின் அதன் வட்டு ‘ஃபாட் 32’ என்ற முறையில் அமைந்திருக்கவேண்டும். மாக் கணினியுடன் பாவிக்கப்பட்ட ஐபொட் வேறு முறையில் அமைந்திருக்கும். அதனை விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் மூலம் மீளமைத்தால் சரியாகிவிடும். ஆனால் உள்ளிருப்பவை அனைத்தும் அழியும். சன்சா கருவி ஆயின் அதன் அமைப்புகளில் யுஎஸ்பி முறையை ‘எம்எஸ்சி’ என மாற்றவேண்டும். இரண்டுக்கும் மின்கலம் நிறைந்திருத்தல் நன்று.

மூன்றாவது, ‘றொக்பொக்ஸ் யுட்டிலிட்டி’ என்ற நிறுவு மென்பொருளை அத்திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து தரவிறக்குங்கள். கருவியை இணைத்ததும் அது மாதிரியை இனங்காணும். தேவையானவற்றைத் தானே பதிக்கும். நிறுவும்போது குரற்கோப்பையும் சேர்த்துத் தெரிவுசெய்ய மறவாதீர். அது இல்லையேல் கருவி பேசாது. ஐபொட் கிளாசிக்கில் மட்டும் இரு பொத்தான்களைச் சேர்த்து நீண்ட நேரம் அழுத்தும் கூடுதற் படி ஒன்று உண்டு. மென்பொருளே அதை விளக்கும்.

பார்வையற்ற ஒருவரே இவ்வேலையைச் செய்ய விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பான் கணினித் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும். 2006 இல் ஆஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் அதனைத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். அதுவும் கட்டணமற்றது, தமிழையும் வாசிக்கும். விண்டோஸில் உள்ள ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலையும் அதனுடன் பயன்படுத்தலாம்.

பாடல்களை ஏற்றும் முறை

ஐபொட்டின் சொந்த நிலைபொருள் பாடல்களை ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் வழியாகவே ஏற்கும். ஏற்றியபின் அவற்றை மறைந்த கோப்புறைகளில், பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களில் வைத்துக்கொள்ளும். றொக்பொக்ஸ் நிறுவியபின் இச்சிக்கல் இல்லை. கருவி கணினியில் ஒரு பென்டிரைவைப் போலத் தோன்றும். பாடல்கள் உள்ள கோப்புறையைப் படியெடுத்து அதில் ஒட்டினால் போதும். அந்த வரிசையிலேயே அவை ஒலிக்கும்.

இறுவட்டில் உள்ள பாடல்களைக் கோப்பாக்க ‘ஃபூபார் 2000’ என்ற மென்பொருள் உதவும். திரைவாசிப்பான் பாவிப்போர் பலர் அதை விரும்புகின்றனர். ஒலிநாடாவுக்கு ‘ஒடாசிட்டி’ ஏற்றது. ஒலிநாடாக் கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்கு இணைத்துப் பதிவு செய்யவேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அதற்குரிய துளை இல்லை. சிறியதொரு யுஎஸ்பி ஒலி இணைப்பி வாங்கினால் போதும். அறுபது நிமிட ஒலிநாடாவைப் பதிய அறுபது நிமிடம் ஆகும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. எம்பி3 வடிவில், நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் வேண்டும். எட்டு கிகாபைட் கருவியில் நூறுக்கும் மேற்பட்ட அறுபது நிமிட ஒலிநாடாக்களை அடக்கலாம்.

ஒலியைக் காந்தத்தில் பதியும் கலையை உலகுக்கு அளித்தது இந்நாடுதான் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். வால்டெமார் போல்சன் என்ற டேனிஷ் பொறியியலாளர் 1898 இல் எஃகுக் கம்பியில் குரலைப் பதிந்து காட்டினார். 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் குரலை அவருடைய கருவி பதிந்தது. அப்பதிவு இன்றும் இருக்கிறது. பேரரசரின் குரலைக் காப்பதற்கு அருங்காட்சியகம் உண்டு. நம் அம்மம்மாவின் குரலை நாமே காக்கவேண்டும்.

நான் செய்த பிழை

இனி என் பிழையைச் சொல்கிறேன். அம்மம்மாவின் ஒலிநாடாவை முன்னரே கோப்பாக்கி, மாக் கணினி வழியாக ஒரு பழைய ஐபொட்டில் ஏற்றியிருந்தேன். அந்தக் கணினி பின்னர் கைவிட்டுப் போயிற்று. றொக்பொக்ஸ் நிறுவும் ஆவலில், படியெடுத்து வையாமலே ஐபொட்டை மீளமைத்தேன். யாவும் அழிந்தன. ஒலிநாடா இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மீண்டும் பதியத் தொடங்கினேன். முப்பது ஆண்டு கடந்த நாடா. இரண்டாம் பக்கம் முடியுமுன் அது கருவியில் சிக்குண்டு நைந்துபோயிற்று. இறுதி நான்கு நிமிடங்கள் இன்று எவரிடமும் இல்லை. அந்த நான்கு நிமிடங்களில் அம்மம்மா பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்தியிருந்தார் என்று தாயார் கூறினார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை.

ஆதலால் உங்களிடம் வேண்டுவது இதுவே. பழைய ஒலிநாடாவை இயக்குமுன் ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டுக. பதிந்தவுடன் மூன்று இடங்களில் சேமியுங்கள்: கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் வாழும் உறவினரிடம் ஒன்று. இசைக்கருவியில் இருப்பதை ஒரு படியாகக் கணக்கிட வேண்டாம்.

தமிழில் வழிகாட்டும் குரல்

கருவியின் பட்டியல் ஆங்கிலத்தில் பேசுவதே எளிது. அதற்குரிய குரற்கோப்பு ஆயத்தமாகக் கிடைக்கிறது. டேனிஷ் மொழியிலும் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பாடல்களின் தமிழ்ப் பெயர்களை இயந்திரக் குரல் உச்சரிப்பது செவிக்கு இனிதாக இராது. சிறு திரையில் தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தோன்றும் என்றும் நம்பியிருக்க இயலாது. எங்கள் வீட்டில் நாங்கள் கண்ட வழி மிக எளியது.

கோப்புறைகளுக்கு 01, 02, 03 என எண்களையே பெயராக இட்டோம். றொக்பொக்ஸின் குரல் அமைப்பில், கோப்புறைகளை எண்ணாகச் சொல்லும் தெரிவு உண்டு, அதை இயக்கினோம். பின்னர் ஒவ்வொரு கோப்புறையிலும் முதற்கோப்பாக ஒரு சிறு பதிவைச் சேர்த்தோம். “அப்பம்மா, இது முதலாவது பெட்டி. இதிலே தேவாரம் இருக்கு” என்று என் மகள் சொல்கிறாள். இரண்டாவதில் சீர்காழி, மூன்றாவதில் நாதசுரம் என்று என் மகன் சொல்கிறான். இங்கே பிறந்த பிள்ளைகள் இதற்காகவே அப்பெயர்களைத் தமிழிற் சொல்லப் பழகினர். தாயார் ஒரு வாரத்தில் எண்களை மனனம் செய்துவிட்டார். ஆங்கிலச் சொற்களுள் அவருக்குத் தேவைப்பட்டவை பத்துக்கும் குறைவே.

நூல்களைக் கேட்போருக்கு மேலும் இரு வசதிகள் உண்டு. நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்து அங்கிருந்தே தொடரச் செய்யலாம். குரலின் சுருதி மாறாமல் வாசிப்பின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

சட்டமும் சேவைகளும்

நீங்கள் விலைகொடுத்து வாங்கிய இறுவட்டையோ ஒலிநாடாவையோ உங்கள் சொந்தப் பாவனைக்காகவும் உங்கள் வீட்டாருக்காகவும் படியெடுக்க டென்மார்க்கின் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. நூலகத்தில் இரவல் பெற்ற இறுவட்டைக் கணினியில் படியெடுக்க அது இடமளிப்பதில்லை. சட்டத்துக்குப் புறம்பாக இணையத்தில் ஏற்றப்பட்டவற்றைத் தரவிறக்கவும் இடமில்லை.

பார்வைக் குறைவாலோ வாசிப்புக் குறைபாட்டாலோ அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கு ‘நோட்டா’ என்ற தேசிய நூலகம் உண்டு. பதிவு செய்தோர் ஒலிநூல்களைக் கட்டணமின்றிப் பெறலாம். நூல்கள் பெரும்பாலும் டேனிஷ் மொழியில் இருந்தாலும், மொழி கற்போருக்கும் இங்கு வளர்ந்தோருக்கும் அவை பெரும் பயன் தரும். 1911 இல் தோன்றிய ‘டென்ஸ்க் பிளின்டசாம்ஃபுன்ட்’ என்ற பார்வையற்றோர் சங்கம் உறுப்பினருக்கு ஆலோசனை வழங்குகிறது. ஹெலரூப்பில் உள்ள ‘இபோஸ்’ நிறுவனம் பார்வை குறைந்தோருக்குப் பயிற்சி அளிக்கிறது.

சமூக சேவைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவின்படி, நிலையான குறைபாட்டால் வரும் இடரைக் கணிசமாகக் குறைக்கும் துணைக்கருவிகளுக்கு நகரசபையிடம் விண்ணப்பிக்கலாம். திரைவாசிப்பான், உருப்பெருக்கி போன்றவை இவ்வகையில் ஆராயப்படும். எல்லா வீடுகளிலும் வழமையாக உள்ள சாதாரண இசைக்கருவிக்குப் பொதுவாக உதவி கிடைப்பதில்லை. விண்ணப்பித்து முடிவு வருமுன் பொருளை வாங்கவேண்டாம்; வாங்கியபின் பணம் திரும்பப் பெறுவது அரிது. முடிவு உங்களுக்கு ஏற்புடையதன்று எனில், கிடைத்த நாளிலிருந்து நான்கு வாரங்களுக்குள் முறையீடு செய்யலாம். முறையீட்டை நகரசபைக்கே அனுப்பவேண்டும். அது தன் முடிவை மாற்றாவிடின் ‘அங்கெஸ்டியுறெல்சன்’ என்ற மேன்முறையீட்டுச் சபைக்கு அனுப்பிவைக்கும்.

நிறைவாக ஒன்று. நீரிழிவு உள்ளவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பார்வை இருக்கும்போதே கருவியின் பொத்தான்களைப் பழகிக்கொள்வது பார்வை மங்கியபின் பழகுவதினும் எளிது. பிள்ளைகளே, உங்கள் பெற்றோரின் ஒலிநாடாக்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று இன்றிரவே கேளுங்கள். ஒரு சனிக்கிழமையை அதற்கென ஒதுக்குங்கள்.

இப்போது என் தாயார் விடியற்காலையில் எழுந்து தாமே முதலாவது பெட்டியைத் திறக்கிறார். பேத்தியின் குரல் கேட்கிறது. அடுத்துத் தேவாரம் கேட்கிறது. நான் விழித்தெழும்போது அவர் மூன்றாவது பெட்டிக்குப் போயிருப்பார். பதினோராவது பெட்டியை அவர் எப்போது கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அதை என்னிடம் சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.